அம்மாவுக்குப் பிடித்த மாவுருண்டை

எங்கள் வீட்டில் அதற்கு அடுப்பில்லாப் பலகாரம் என்று பெயர். பச்சரிசி மாவு, வெல்லம், தேங்காய்ப் பூ, அவ்வளவுதான். அடுப்பு மூட்ட வேண்டாம், எண்ணெய் காய வேண்டாம், கைச்சூடே போதும். என் மனைவி சனிக்கிழமை மத்தியானங்களில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு உருண்டை பிடிப்பாள். பிடிக்கும்போதே பாதி காணாமல் போகும். மீதியை அவள் ஒளித்துவைப்பாள், அதை நான் தேடிக் கண்டுபிடித்துத் தின்றுவிடுவேன். அந்தப் பலகாரத்தை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த மாவைத் தொடவில்லை.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் மறியல் நடந்த சமயம். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. கம்பி எங்கேயோ அறுந்துபோய் போஸ்ட் ஆபீஸ் போனும் ஊமையாகிவிட்டது. நான் அப்போது மூங்கில்துறைப்பட்டில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். டிராக்டரும் மாட்டு வண்டியும் ஓயாமல் போய்வந்து புழுதி கிளப்பும் ஊர் அது. அந்த வாரம் நடுரோட்டில் நாய்கள் படுத்துத் தூங்கின. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்று பிற்பாடு ஆற அமர யோசித்தபோது எனக்கே தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. என் மனைவி மூன்றாவது பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள்.

நாள் நெருங்கும்போது லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு போவதாக ஏற்பாடு. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. மறியலின் நாலாம் நாள் காலையில் ஒரு லாரி டிரைவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம் லாரியை விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்புகிறவர். என் சகலை கொடுத்தனுப்பிய சீட்டு அவர் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து கிடந்தது. வலி எடுத்து ஒரு நாள் ஆகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ரத்தம் தேவைப்படும் என்கிறார்கள், என்னுடையது சேரவில்லை, உடனே வரவும். அது முந்தின நாள் எழுதிய சீட்டு.

இரண்டாவது பிரசவத்திலும் இப்படித்தான் ஆனது. அப்போது என் ரத்தத்தைத்தான் எடுத்து ஏற்றினார்கள். ஆக, நான் போனால் அவள் பிழைப்பாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை மனது ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தது.

பக்கத்துப் போர்ஷனில் வீட்டுக்காரம்மா இருந்தார். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர், நல்ல மனுஷி. "புள்ளைங்கள கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா" என்றேன். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லியிருந்தால் பின்னால் நடந்த எதுவுமே நடந்திருக்காது.

முதல் மரத்தில் அந்த நேரத்துக்கு ஆள் இல்லை. இரண்டாவது மரத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் எங்கள் ஊர் கரும்பு வெட்டு மேஸ்திரி, பெரிய மீசைக்காரர். அவர் பையன் என் வகுப்பில்தான் படித்தான்.

"இன்னா வாத்தியாரே, எங்க கெளம்பிட்ட?"

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குங்க. வூட்ல பிரசவம். ரத்தம் வேணுமாம்."

"காலையிலருந்து நீ ஆறாவது ஆளு. அல்லாருக்கும் ஆஸ்பத்திரிதான்" என்றார். சீட்டைக் காட்டினேன். "சீட்டு யாரு வேணும்னாலும் எழுதுவான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவரே என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு எந்தத் தெரு?" என்று கேட்டார். அது தெருவைக் கேட்கிற கேள்வி இல்லை. பிறந்த தெருவைச் சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாத்தியாருன்னுட்டுதான் சும்மா வுடறோம். வந்த வழியே திரும்பிப் பாக்காம போயிக்கினே இரு" என்றார் மேஸ்திரி. இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். நான் விடவில்லை. கரும்புத் தோட்டத்து ஓரமாகச் சுற்றிப் போகப் பார்த்தேன். வாய்க்காலில் சைக்கிளோடு விழுந்ததுதான் மிச்சம். அங்கேயும் ஆள் இருந்தது.

சேறும் சகதியுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தபோது உச்சி வெயில். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கொல்லையில் அடிபம்பின் கீழே குந்தி வேட்டியோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், தண்ணீரில் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ஒரு முடிவுக்கு வந்தேன். பொழுது சாய்ந்ததும் வரப்பு வழியாக நடந்துவிடுவது. எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி, மடக்கி உதைத்தாலும் சரி. பிள்ளைகளை வீட்டுக்காரம்மாவிடம் விட வேண்டும். ஆனால் அவர் வீட்டிலேயே அரிசி குறைந்துகொண்டு வந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்து இரண்டு நாள். விறகு எல்லாம் ஈரம். இரண்டு நாளைக்குக் கெடாமல், அடுப்பு இல்லாமல் பிள்ளைகளுக்கு எதையாவது செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும். பிஸ்கட் டின்னில் மனைவி இடித்துச் சலித்து வைத்துவிட்டுப் போன பச்சரிசி மாவு இருந்தது. ஈர வேட்டியோடேயே பின்வாசல் நடையில் உட்கார்ந்தேன்.

"அடுப்பில்லாப் பலகாரம் செய்யலாமா?" என்று கேட்டேன். காலையிலிருந்து முகம் வாடிக் கிடந்த இரண்டும் துள்ளிக் குதித்தன. பெரியவள் உடனே அதிகாரியாகிவிட்டாள். முறத்தைக் கொண்டுவா, தாம்பாளத்தைக் கொண்டுவா என்று தங்கையை விரட்டினாள். வெல்லத்தை நான் அம்மியில் வைத்து நசுக்கினேன். ஒரு கட்டி தெறித்து ஓடியது. சின்னவள் அதைத் துரத்திப் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, ஓடிப்போயிடுச்சு என்று என்னிடம் கையை விரித்தாள்.

தேங்காய் இல்லை. மாவு சேரவே மாட்டேன் என்றது. உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்குச் சுத்தமாகக் கிடையாது. சொம்பை எடுத்தேன்.

"தண்ணி ஊத்தக் கூடாதுப்பா. அம்மா ஊத்தவே மாட்டாங்க."

"கொஞ்சம்தான் ஊத்தறேன்."

"கொஞ்சம் கூடக் கூடாது. கையாலயே பெசஞ்சிக்கினு இருக்கணும். வெல்லம் தானா எளகும். அம்மா சொன்னாங்க."

நான் கேட்கவில்லை. ஊற்றினேன். மாவு கூழாகிக் கையெல்லாம் அப்பிக்கொண்டது. பெரியவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே அவள் அம்மா பார்வை. அவளே எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கறுப்பு எள்ளை ஒரு கை அள்ளிவந்து மாவில் கொட்டினாள். இன்னும் கொஞ்சம் மாவும் தூவினாள். "இப்ப புடிங்க" என்றாள். உருண்டை நின்றது. அந்தக் கால் மணி நேரம், உள்ளங்கையில் மாவை உருட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்த நேரம், நெஞ்சில் தீயை வைத்துக்கொண்டும் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பிடித்ததை எல்லாம் டப்பாவில் போட்டேன். கடைசி மூன்று உருண்டைகளைச் சின்னவள் பிடுங்கிக்கொண்டாள். வாழைக்கன்றிலிருந்து ஒரு துண்டு இலையைக் கிழித்துவந்து வாசற்படிக்குக் கீழே விரித்து வரிசையாக வைத்தாள். அம்மாவுக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. வேப்பமரத்தில் இருந்த காக்காய் அதை எட்டிப் பார்த்தது. அவளுக்குக் காக்காய் என்றால் கொள்ளை ஆசை. ஒரு விள்ளலைக் கிள்ளி மண்ணில் வைத்து, கா கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் இடுப்பில் ஈர வேட்டி, வெற்று மார்பு, கையில் ஒட்டியதை வழித்துத் தின்றதில் வாய் நிறைய மாவு.

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் சபைக்காரர்களிடம் இந்த வழக்கம் இல்லை. ஆனாலும் ஊரில் நடக்கிற கருமாதிகளைப் பார்த்து வளர்ந்தவன்தானே நான். பச்சரிசி மாவில் எள்ளைப் போட்டு உருண்டை பிடித்து, இலையில் மூன்றாக வைத்து, ஈரத் துணியோடு நின்று காக்காயைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குத் தோன்றிவிட்டது.

"அய்யோ தாயீ!" என்று ஓர் ஓலம். வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எப்போ ஆச்சி வாத்தியாரே? காலையில சீட்டு வந்தப்பவே நெனச்சேன். நீ வேட்டியோட குளிச்சதப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி. ஒரு வார்த்த சொல்லாம, ஆருமில்லாத அனாத மாதிரி நீயே உருண்ட புடிச்சி வெச்சிக்கினு இருக்கியே!"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பல்லிலும் அண்ணத்திலும் மாவு ஒட்டிக்கொண்டு பேச வரவில்லை. அவர் அழுதபடியே இலையைத் தூக்கிச் சுவர்மேல் வைக்கப் போனார். சின்னவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "எடுக்காதீங்க! அது அம்மாவுக்கு வெச்சது!" என்று வீறிட்டாள்.

போதாதா? தெருவே திரண்டுவிட்டது. பெண்கள் பிள்ளைகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார்கள். சின்னவள் உருண்டை போன துக்கத்தில் அழுதாள். பெரியவள் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஸ்திரி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"காலையில நான்தான் உன்னத் திருப்பி அனுப்பிச்சேன். மன்னிச்சிக்க வாத்தியாரே. சாவுக்குப் போறவங்கள நாங்க எங்கயும் தடுக்கல. வா, என் வண்டியில ஏறு. மொகத்தையாச்சும் பாத்துடலாம்."

மாவை விழுங்கினேன். அவள் உயிரோடுதான் இருக்கிறாள், எள்ளு போட்டது என் பொண்ணு, இது தின்கிற உருண்டை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவர் சிரித்துவிட்டு மரத்துக்குத் திரும்பிப் போய்விடுவார். உயிரோடு இருப்பவளைப் பார்க்க வழியில்லை, செத்தவளைப் பார்க்க வழி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தது ஆமாம் என்று ஆகிவிட்டது.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். "அய்ய, அதுங்க தாயி மொகம் பாக்க வேணாமா?" என்று வீட்டுக்காரம்மாவே இரண்டையும் தூக்கி வண்டியில் வைத்தார். பெரியவள் முன்னால், பெட்ரோல் டேங்க் மேல். சின்னவள் எனக்கும் மேஸ்திரிக்கும் நடுவில்.

மரத்துக்கு மரம் வண்டியை நிறுத்தி, ஆட்கள் சேர்ந்து தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "வாத்தியாரு பொண்டாட்டி செத்துப்போச்சி, பிரசவத்துல" என்று மேஸ்திரி ஒவ்வொரு இடத்திலும் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் சின்னவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். காலையில் என் தெருவைக் கேட்டவர் எங்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேற்கே கல்வராயன் மலைமேல் மழை கறுத்துக்கொண்டு நின்றது. நான் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆறாவது மரத்தைத் தாண்டியபோது சின்னவளை டேங்க் மேல் உட்காரவைத்துவிட்டுப் பெரியவளை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன். அவள் என் காதோடு கேட்டாள்: "அப்பா, அம்மா செத்துட்டாங்களா?"

மேஸ்திரியின் முதுகு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இல்லை என்று கிசுகிசுத்தால்கூட இந்தக் குழந்தை சந்தோஷத்தில் கத்திவிடும். அவள் கையை அழுத்திப் பிடித்தேன். பேசாமல் இரு என்கிற அர்த்தத்தில்தான் பிடித்தேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

சங்கராபுரம் தாண்டி ஒன்பதாவது மரம். அங்கே இருந்தவர்களுக்கு மேஸ்திரியைத் தெரியாது. வயதான ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். "நீ சொன்னா ஆச்சா? அந்தாளு வாயால சொல்லட்டும். செத்தது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவளும் பார்த்தாள்.

"என் வூட்டுக்காரி" என்றேன். "காலையில சேதி வந்துது. செத்துட்டா."

நடித்தேன் என்று சொல்ல முடியாது. எட்டு மரத்தில் காதால் கேட்டுக் கேட்டு எனக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது. வாய்விட்டு அழுதேன். பெரியவர் கையை இறக்கிக்கொண்டார். என் பிடியில் இருந்த சின்னக் கை மெல்ல உருவிக்கொண்டது. அவள் அழவில்லை. கள்ளக்குறிச்சி வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்தார். "வந்துட்டீங்களா! பொண்ணு பொறந்துடுச்சி. ஆனா ரெத்தம் நிக்கல. உசுரு ஊசலாடிக்கினு இருக்குது. டாக்டர் உங்களத்தான் கேட்டுக்கினே இருக்காரு, ஓடுங்க."

மேஸ்திரி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். நான் ஓடாமல் நின்றேன். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பதினோரு மரம் வாத்தியாரே" என்றார். "பதினோரு மரத்துலயும் என் வாயால சாவு சொல்ல வெச்சிட்டியே." மீசை துடித்தது. பிறகு கையை வீசினார். "போ. நிக்காத. போயி ரத்தத்தக் குடு."

கொடுத்தேன். இரண்டாம் நாள் அவள் கண் திறந்து என்னைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். சின்னவள் ஒரே தாவாகத் தாவி அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பெரியவள் வார்டு வாசலைவிட்டு உள்ளே வரவில்லை. அண்ணி இழுத்து வந்து விட்டபோது ஒரு விரலால் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ரோட்டுல சொன்னது?"

"அது சும்மாம்மா" என்றேன்.

"சும்மான்னா?"

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் பால் வாங்கப் போனேன்.

மற்றவர்களுக்கு அது நல்ல கதையாகிவிட்டது. செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கூடும் என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் மனைவியும் சிரிப்பாள். உயிரோடு இருக்கும்போதே உருண்டை வைத்த மகராசன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மானத்தை வாங்குவாள். மேஸ்திரிகூட ஒரு தீபாவளிக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, இப்ப எத்தினி மரம் தாண்டணும் என்று கேலி பேசிவிட்டுப் போனார். நானும் அந்தக் கதையை நன்றாகச் சொல்லப் பழகிக்கொண்டேன். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரியவள் மட்டும் அந்தக் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். கோபப்பட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. நான் எதைச் சொன்னாலும் "அப்படியாப்பா" என்பாள். பிறகு அடுக்களைக்குப் போய்த் தன் அம்மாவிடம் அதையே இன்னொரு தரம் கேட்பாள். நாளைக்கு ஸ்கூல் லீவா, பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டதா, மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னார்களா என்று எல்லாவற்றையும். கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகும் போனில் அப்படித்தான். என்னிடம் எல்லாம் கேட்டுக்கொள்வாள், கடைசியில் அம்மாவிடம் கொடுங்கள் என்பாள். அவள் அம்மா, "ஆமாண்டி, அவர் சொன்னது சரிதான்" என்று சொன்னால்தான் அவளுக்கு அது நடந்த மாதிரி. எத்தனையோ தடவை உட்காரவைத்துப் பேசலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வேறு வழியில்லை, உன் அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று. அது அவளுக்குத் தெரியாததும் இல்லை.

போன வருஷம் காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தவர் வந்து அவளைக் கிடத்தினார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பெரியவளுக்குத்தான் முதலில் போட்டேன்.

"அம்மா போயிட்டாங்கம்மா" என்றேன்.

"போன அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள்.